கணக்கில் வராத பூனை

நீலகிரியின் வெலிங்டனில் நாய் வாங்க நினைப்பவருக்குக் கேட்டறிய ஆளும் உண்டு, படித்தறியச் சட்டமும் உண்டு. பதிவு, கழுத்துப் பட்டை, வெறிநாய்க்கடித் தடுப்பூசி, தெருவில் இறங்கினால் கையில் கயிறு என்று நாயைப் பற்றிய எல்லாவற்றையும் யாரோ என்றோ யோசித்து எழுதிவைத்திருக்கிறார்கள். அதே வீட்டுச் சன்னல் திட்டில் பகலெல்லாம் தூங்கிவிட்டு, இருட்டியதும் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கூரைக்குத் தாவிப் போய்விடும் பூனையைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அது யாருடையது என்பதே தெளிவில்லை. நாலு வீட்டில் அதற்குச் சாப்பாடு, நாலு வீட்டிலும் வேறு வேறு பெயர், ஊசி போட்டதாக எந்த வீட்டுக்கும் நினைவில்லை. பூனையின் சுபாவமே அப்படித்தான் என்று சொல்லி நாம் நகர்ந்துவிடுகிறோம். சுபாவம் பாதிக் காரணம்தான். ஒன்றரை நூற்றாண்டாக இந்த மலைப் பாசறை நாய்க்கு ஒரு பொறுப்பாளியைத் தேடிப் பிடித்து நிறுத்தியது. பூனைக்கு அப்படி ஒருவரை நிறுத்தும் அவசியம் அதற்கு ஒருபோதும் ஏற்படவில்லை. மீதிப் பாதிக் காரணம் அங்கே இருக்கிறது. அலையும் பூனை ஒன்று ஏற்கெனவே வந்துபோகும் வீட்டில் நாயும் வளர்க்கலாமா என்று இன்று யோசிப்பவர்கள் அந்தப் பழைய விடுபாட்டைத்தான், தெரிந்தோ தெரியாமலோ, தங்கள் கூடத்துக்குள் கொண்டுவருகிறார்கள்.

வெலிங்டன், ஊராக இருந்து பாசறையான இடமில்லை. பாசறையாகப் பிறந்து ஊரானது. பக்கத்துப் படகர் ஊரான ஜெகதளாவின் பெயர்தான் முதலில் இந்தச் சரிவுக்கும் வழங்கியது. சமவெளியின் வெயிலிலும் காய்ச்சலிலும் நொந்த வெள்ளைச் சிப்பாய்களைத் தேற்றுவதற்காக 1850களில் இங்கே பெரிய பாரக்ஸ் எழும்பியது. 1852இல் இறந்துபோன வெலிங்டன் கோமகனின் பெயரை, சார்லஸ் ட்ரெவெல்யன் சென்னை ஆளுநராக இருந்த 1860இல் அதற்குச் சூட்டினார்கள். 1947இல் மதராஸ் ரெஜிமென்டின் மையம் இங்கே வந்தது. பிரிவினையில் குவெட்டா பாகிஸ்தானுக்குப் போனதால், அங்கிருந்த ராணுவ ஸ்டாஃப் காலேஜின் இந்தியப் பாதியும் அதே ஆண்டு இங்கே வந்து சேர்ந்தது. இன்று வரை இந்த ஊரின் இயல்பை இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. வருபவர் எல்லோரும் போகப்போகிறவர். குடியிருப்பு அரசாங்கத்தினுடையது, அதிலிருக்கும் மேசை, நாற்காலி, கட்டில், அலமாரி அனைத்துக்கும் பட்டியல் உண்டு, ஒப்படைக்கும்போது ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதும் உண்டு. எதையும் எழுதிவைக்கும் பழக்கமுள்ள ஓர் ஊரில் ஒன்று மட்டும் எழுதப்படாமல் இருந்தால், அதை மறதி என்று தள்ளிவிடக் கூடாது.

நாய் எப்படி எழுத்தில் ஏறியது என்று முதலில் பார்க்கலாம். நீலகிரிக்கு ஆங்கிலேயர் நாய்களைச் செல்லப் பிராணியாக மட்டும் கொண்டுவரவில்லை, அந்தஸ்தாகக் கொண்டுவந்தார்கள். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் ஊட்டியில் கல் வீடு கட்டிக் குடியேறிய பிறகு, அந்த நூற்றாண்டின் முதல் பாதியிலேயே அங்கே வேட்டைநாய்க் கூட்டம் உருவாகிவிட்டது. இங்கிலாந்தின் செந்நரி இங்கே கிடையாது என்பதால் நம் குள்ளநரியைத் துரத்தினார்கள். 1891 முதல் 1896 வரை ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரைத் தாங்கிய புல்வெளி அதற்கு மைதானமானது. ஊட்டி ஹன்ட் என்ற பெயர் ஸ்டாஃப் காலேஜ் காலத்திலும் தொடர்ந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நரியைக் கொல்லும் வேட்டைக்கு இடமில்லாமல் போய், சிவப்புக் கோட்டும் குதிரைச் சவாரியும் மட்டும் பழைய சடங்கின் மிச்சமாக நின்றன. இத்தனை நாய்களையும் பராமரித்தது யார்? துரைமார் வீடுகளில் அதற்கென்றே கூலிக்கு ஆள் இருந்தான். பம்பாய் மாகாணத்தில் சுங்க, உப்புத் துறை அதிகாரியாக இருந்த இ. எச். எய்ட்கன் 1889இல் வெளியிட்ட ‘பிஹைண்ட் த பங்களோ’ என்ற நூலில், பங்களா வேலைக்காரர்களை வரிசையாகக் கிண்டலடித்துக்கொண்டே போகிறார். அந்த வரிசையில் நாய்ப் பையனுக்குத் தனி அத்தியாயம் உண்டு. பூனைப் பையன் என்று ஒரு வேலை எந்தப் பங்களாவிலும் இருந்ததில்லை. இன்றும் கோடைக் காலத்தில் ஊட்டியில் தென்னிந்திய கென்னல் கிளப்பின் நாய்க் கண்காட்சி நடக்கிறது. வம்சாவளிச் சான்றிதழோடு நாய்கள் மேடையேறுகின்றன. ரயில்வேயும் தன் பங்குக்கு நாயை அங்கீகரித்தது: கார்டு பெட்டியில் நாய்க்கென்று ஒரு கூண்டு, அதற்கொரு சீட்டு. மாற்றலாகிப் போகும் அதிகாரியின் நாய், அவருடைய பெட்டி படுக்கையைப் போலவே முறையாகப் பயணம் செய்தது.

அந்தஸ்து ஒரு பக்கம் என்றால், பயம் மறுபக்கம். அந்நிய ஆட்சியில் நாயைப் பற்றிய சட்டங்கள் பெரும்பாலும் பயத்திலிருந்து பிறந்தவை. பம்பாயில் கோடை மாதங்களில் தெருநாய்களைக் கொல்லும் உத்தரவு இருந்தது. 1832இல் அதை எதிர்த்துப் பார்சிகள் கடையடைத்துத் தெருவில் இறங்கி, கலகமே மூண்டது. அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்தும் மனநிலை பெரிதாக மாறிவிடவில்லை. 1924ஆம் ஆண்டின் கன்டோன்மென்ட் சட்டத்தில் நாய்க்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. பாசறை எல்லைக்குள் வளர்க்கும் நாய்களைப் பதிவு செய்ய கன்டோன்மென்ட் போர்டு துணைவிதி வகுக்கலாம்; பதிவான நாயின் கழுத்தில் உலோக வில்லை தொங்க வேண்டும்; வில்லையில்லாத நாயைப் பிடித்து வைக்கலாம்; வெறி பிடித்ததையும், அறிவிப்புக்குப் பிறகு பட்டையில்லாமல் அலைவதையும் கொல்லலாம்; கொன்றதற்கு நட்ட ஈடு கேட்க முடியாது. 2006இல் வந்த புதிய சட்டமும் நாய்ப் பிரிவைக் கைவிடவில்லை. வெலிங்டன் கன்டோன்மென்ட் போர்டின் அதிகாரம் இந்தச் சட்டங்களிலிருந்து வருவது. இந்தப் பிரிவைப் படிக்கும்போது அதன் கொடுமை கண்ணில் படுவது இயல்பு. ஆனால் அதன் ஓரத்தில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. நாய் ஒரு குற்றம் செய்தால் கேள்வி நாயிடம் போகாமல் ஒரு மனிதரிடம் போகும்படி சட்டம் செய்துவிட்டது. வில்லையின் பொருள் அதுதான்: இந்த உயிருக்குப் பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார்.

பயத்துக்குக் காரணம் கற்பனையில்லை. வெலிங்டனிலிருந்து கூப்பிடு தூரத்தில், குன்னூரில், அதற்கொரு சாட்சி இன்றும் நிற்கிறது. 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலப் பெண் வெறிநாய்க்கடியில் இறந்தார். அப்போது இந்தியாவில் சிகிச்சைக்கு இருந்த ஒரே பாஸ்டர் நிலையம் வடக்கே இமயச் சரிவில், கசௌலியில், 1900இல் தொடங்கியது. தெற்கிலிருந்து அவ்வளவு தூரம் போய்ச் சேர்வதற்குள் நோய் முந்திக்கொண்டுவிடும். எஃகு அதிபர் கார்னெகியின் கூட்டாளியாக இருந்த அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ், வைஸ்ராய் கர்சன் பிரபுவிடம் கொடுத்த நன்கொடையின் ஒரு பகுதியைக் கொண்டு 1907இல் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் குன்னூரில் திறக்கப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் 1899இலேயே குன்னூரை எட்டியிருந்ததால், கடிபட்டவர்கள் தென்னாடு முழுவதிலுமிருந்து அந்த ரயிலேறி வந்தார்கள். ரயில் வெலிங்டனைத் தாண்டி ஊட்டிக்குப் போனது அடுத்த ஆண்டு, 1908இல். கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் ஆட்டு மூளையில் நோய்க்கிருமியை வளர்த்து, ஃபீனால் சேர்த்துச் செயலிழக்கச் செய்த தடுப்பூசியை உருவாக்கினார். அது கெடாமல் இருந்ததால், காலப்போக்கில் மருந்தே நோயாளியைத் தேடி மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்குப் போகத் தொடங்கியது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று இரண்டு மூன்று தலைமுறை நடுங்கியது அதை நினைத்துத்தான். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஆட்டு மூளை மருந்தை நாடு கைவிட்டு, செல் வளர்ப்பில் தயாரான ஊசிக்கு மாறியது. இந்தக் கதையில் பூனைக்கு ஒரு சின்ன வேடம் இருக்கிறது. பாஸ்டர் நிலையங்களின் பதிவுகளில் கடித்த பிராணி எது என்று குறிக்கும் வழக்கம் இருந்தது. நாயும் நரியும் பெரும்பங்கை அடைத்துக்கொண்ட அந்த இடத்தில் எப்போதாவது பூனையும் வந்தது. எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாத பிராணி, கடித்த பிறகு மட்டும் ஒரு புள்ளிவிவரமாக உள்ளே வந்தது.

சரி, பூனை இங்கே என்னதான் செய்துகொண்டிருந்தது? வேலை செய்துகொண்டிருந்தது. நாய் எஜமானரோடு வந்தது என்றால், பூனை எலியோடு வந்தது. பாரக்ஸின் தானியக் கிடங்கு, குதிரைலாயத்தின் கொள்ளு மூட்டை, உருளைக்கிழங்கு மண்டி, தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டு அடுப்படி என்று எலி இருக்கும் இடமெல்லாம் பூனைக்கு இடமிருந்தது. லண்டன் தபால் துறை 1868இல் மூன்று பூனைகளை வேலைக்கு வைத்து வாரத்துக்கு ஒரு ஷில்லிங் படி ஒதுக்கியது; எலி ஒழிந்தது கணக்கிலும் ஏறியது. இந்தியாவில் அப்படி ஒரு சிந்தனை அதிகார வட்டத்துக்கு மிக அருகில் வந்து திரும்பிப் போன தருணம் ஒன்றுண்டு. 1896இல் பம்பாயில் தொடங்கிய பிளேக் 1898இல் பெங்களூருவை எட்டியபோது, நீலகிரியின் வடக்கு வாசல்வரை பயம் வந்துவிட்டது. அமராவதியில் பணியாற்றிய இந்திய மருத்துவப் பணி அதிகாரி ஆண்ட்ரூ புக்கானன், பூனை அதிகமுள்ள கிராமங்களில் பிளேக் குறைவாக இருப்பதைக் கவனித்து, பூனை வளர்ப்பதைத் தடுப்பு முறையாகவே ஊக்குவிக்க வேண்டும் என்று 1908 வாக்கில் எழுதினார். அரசு பொறியையும் விஷத்தையும் தடுப்பூசியையும் நம்பியது. பூனை மறுபடியும் எழுத்துக்கு வெளியே போனது. இதிலொரு வேடிக்கையும் உண்டு. அதே குன்னூர்ப் பாஸ்டர் வளாகத்தில் ராபர்ட் மெக்காரிசன் 1918 முதல் ஊட்டச்சத்து ஆய்வு நடத்தினார். நாட்டின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவை எலிகளுக்கு அளந்து கொடுத்து, எடை பார்த்து, எழுதிவைத்தார். சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் கொழுத்தன, மதராஸ் சாப்பாடு தின்றவை மெலிந்தன. குன்னூரில் எலிக்குக்கூட நாள்வாரியாகச் சாப்பாட்டுக் கணக்கு இருந்தது. எலி பிடிக்கும் பிராணிக்கு இல்லை.

வேலைக்காக வைத்திருந்த பிராணியை வேலையிடத்தோடு சேர்த்தே நினைப்பது மனித வழக்கம். கிடங்கு மாறினால் பூனை மாறாது. பாசறை ஊரில் இதற்கு ஒரு கூடுதல் விளைவு. ஸ்டாஃப் காலேஜின் பயிற்சி ஓராண்டுக்குள் முடிந்துவிடும். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வந்து, ஆண்டுதோறும் புறப்பட்டுப் போகின்றன. நாய்க்குப் பதிவும் பயணச் சீட்டும் இருப்பதால் அது குடும்பத்தோடு போகும் பிராணி. பூனைக்கு உரிமையாளர் என்று யாரும் எழுதப்படாததால், அது வீட்டோடு தங்கும் பிராணி என்று எண்ணிக்கொள்வது எல்லோருக்கும் வசதி. அடுத்து வரும் குடும்பத்துக்கு அது வாசலிலேயே தயாராக நிற்கும். சாப்பாடு போடுவார்கள், தங்களுடையது என்று சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அது தங்களுக்கு முன்பே அங்கிருந்தது. ஒரு பெண் பூனை ஒன்பது வாரத்தில் குட்டி போட்டுவிடும், ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்றும் உண்டு. அதற்குக் கருத்தடை செய்யும் செலவும் சிரமமும் யாருடைய கடமை என்ற கேள்வி, வருகிறவர் போகிறவர் நடுவில் விழுந்து காணாமல் போகிறது. பூனை ஊருக்குப் பழகும், ஆளுக்குப் பழகாது என்ற பேச்சில் உண்மை இருக்கலாம். ஆனால் அந்தப் பேச்சு ஆண்டுக்கொருமுறை ஆள் மாறும் ஊரில் மிகவும் செல்லுபடியாவது தற்செயலில்லை.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு, அதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. நாய்க்குக் கிடைத்த பதிவேடு அதைக் காப்பாற்றுவதற்காகப் பிறந்ததா? பதிவானதைக் காத்தது என்பதைவிட, பதிவாகாததைக் கொன்றது என்பதே சரி. சென்னை மாநகராட்சி 19ஆம் நூற்றாண்டிலிருந்து தெருநாய்களைக் கொன்றுவந்தது. விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் 1964இலிருந்து கருத்தடையே வழி என்று சொல்லிவந்தும், மாநகராட்சி அதை ஏற்று மாற 1996 ஆனது. அப்படியானால் எழுத்தில் ஏறாமலிருந்தது பூனையின் பாக்கியம் என்றுதானே சொல்ல வேண்டும்? 1924 சட்டத்தைப் பற்றிய அளவில் நான் இதை முழுதும் ஒப்புக்கொள்கிறேன். வில்லையில்லாத பூனையைக் கொல்லலாம் என்று ஒரு வரி அதில் இருந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் வரலாறு 1924இல் நின்றுவிடவில்லை. பொறுப்பாளியைக் கேட்கும் அந்தப் பழைய வழக்கம்தான், கொலையைக் கைவிட்ட பிறகு, வேறு பயனுக்கு அடித்தளமானது. 2001இல் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாடு விதிகள் தலைப்பிலேயே அடைப்புக்குள் நாய்கள் என்று சொல்லிக்கொண்டன. கொல்லாமல் பிடி, கருத்தடை செய், ஊசி போடு, பிடித்த இடத்திலேயே விடு என்ற முறை நாய்க்குச் சட்டமானது. 2023இல் புது விதிகள் வந்தன. 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்கச் சொன்ன உத்தரவைச் சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதி அமர்வு திருத்தியபோதும் இந்த முறைதான் அளவுகோலாக நின்றது. நீலகிரியில் மாவனல்லாவின் இப்பான் அமைப்பும் உலகக் கால்நடை மருத்துவச் சேவையின் பயிற்சி மையமும் நாய்களுக்குப் பெருமளவில் ஊசியும் கருத்தடையும் செய்துவருவது இந்தப் பாதையில்தான். கொல்வதற்காகத் தொடங்கிய கவனம் காப்பதற்கு மாறியது. கவனமே பெறாத பூனைக்கு, மாறுவதற்கு எதுவும் இருக்கவில்லை.

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது. மனிதருக்கு வரும் வெறிநோயில் மிகப் பெரும்பங்கு நாய்க்கடியால் வருவது. ஆபத்து எங்கே அதிகமோ அங்கே சட்டம் போனது, இதில் விடுபாடு எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், மனித ஆபத்து ஒன்றையே அளவாக வைத்தால். ஆனால் நாயும் பூனையும் ஒரே முற்றத்தில் இருக்கப்போகும் வீட்டுக்கு அந்த அளவு போதாது. வெறிநோய் நாயிடமிருந்து பூனைக்கும் பூனையிடமிருந்து மனிதருக்கும் வரும். வீட்டு நாய்க்கு வருடந்தோறும் ஊசி போட்டுவிட்டு, இரவெல்லாம் தெருவில் சண்டை போட்டுவரும் பூனையைச் சும்மா விடுவது, முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். பிறகு, இந்த மலைக்கே உரிய கணக்குகள் சில இருக்கின்றன. குன்னூர், வெலிங்டன், கோத்தகிரிப் பக்கங்களில் சிறுத்தை வீட்டு வாசல்வரை வருவது நாய்க்காக. 2023 தீபாவளியையொட்டிக் குன்னூரில் நாயைத் துரத்திக்கொண்டு ஒரு வீட்டுக்குள் புகுந்த சிறுத்தை, மீட்கப் போனவர்கள் உட்படப் பலரைக் காயப்படுத்தியது. நாய் வைத்துக்கொண்டால் பூனைக்குக் காவல் கிடைக்கும் என்று சமவெளியில் சொல்லலாம். இங்கே நாயே சிறுத்தையைக் கூப்பிடும் பிராணி. இரவில் வெளியே திரியும் பூனை தனக்குச் சம்பந்தமில்லாத விருந்தாளியைச் சந்திக்க நேரும். பறவைகளும் இதில் சேர்த்தி. நீலகிரிச் சிரிப்பான் போன்றவை இந்த உயரத்துச் சோலைகளையும் புதர்களையும் விட்டு வேறெங்கும் வாழாதவை. ஆளுயரத்துக்கும் கீழே கூடு கட்டும் பறவைக்கு வீட்டுப் பூனை அந்நிய வேட்டைக்காரன்தான். எலி பிடிக்கும் என்ற பழைய பெருமையைச் சொல்பவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கருத்தடையான பூனையும் எலி பிடிக்கும், அதில் குறைவில்லை. ஊர் சுற்றுவது மட்டும் குறையும், அதிலும் கடுவனுக்கு நன்றாகவே குறையும்.

மூன்றாவது மறுப்பு பழக்கத்தின் பெயரால் வருகிறது. தமிழ்க் குடும்பங்களில் நாய் திண்ணையோடு, பூனை அடுப்படியோடு. இரண்டையும் கட்டிப்போட்டதில்லை, இரண்டும் நன்றாகத்தான் இருந்தன, இப்போது எதற்கு இவ்வளவு ஏற்பாடு என்பார்கள். அந்தப் பழக்கம் நடந்தது திண்ணையும் கொல்லையும் உள்ள வீட்டில். நாய்க்கு ஒரு வாசல், பூனைக்கு ஒரு வாசல், நடுவில் ஆள் நடமாடும் முற்றம். அந்த வீட்டில் நாய் எப்போதும் வெளியே, எனவே பூனை உள்ளே நிம்மதியாக இருந்தது. இடமே சமாதானம் செய்துவைத்தது. குவார்ட்டர்ஸில் அப்படி இடப்பிரிவு கிடையாது. இன்று வாங்கும் நாய் திண்ணை நாயுமில்லை, சோபா நாய். அது கூடத்துக்குள் வந்த நாளிலேயே பூனை சன்னல் வழியே வெளியேறும், பிறகு சாப்பாட்டுக்கு மட்டும் வரும், பிறகு அதற்கும் வராது. நாய் வந்தால் பூனை வீட்டில் தங்கும் என்று நம்பி நாய் வாங்குவது மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு சகுனம் பார்ப்பதைவிட வேடிக்கையானது. அலைச்சலுக்கு மருந்தென்று கொண்டுவந்ததே அலைச்சலைக் கூட்டும்.

ஆகவே வரிசை முக்கியம். வெலிங்டனின் வரலாறு நாயில் தொடங்கி நாயிலேயே நின்றது. வீடு பூனையில் தொடங்க வேண்டும். நாலு வீட்டுப் பூனையாக இருந்தால் நாலு வீட்டாரும் பேசி, ஒருவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும், ஏற்றவர் மாற்றலாகும்போது அதைக் கூட்டிப்போவதா, யாரிடம் ஒப்படைப்பதா என்பதை அப்போதே முடிவு செய்ய வேண்டும். கருத்தடை, வெறிநோய் ஊசி, பூனைகளுக்கென்று உள்ள கூட்டுத் தடுப்பூசி ஆகியவற்றை முடித்துவிட்டு, மாலைச் சாப்பாட்டை வீட்டுக்குள் வைத்து, பொழுது சாய்ந்ததும் கதவடைக்கும் பழக்கத்தைச் சில வாரங்கள் நிலைப்படுத்தலாம். பசிக்கு நேரம் பழகிய பூனை இருட்டுக்கு முன்பே வந்துவிடும். நாய் எட்டாத உயரத்தில் அதற்கு ஒரு பலகையும், நாய் நுழையாத ஓர் அறையும் வேண்டும். இவை நாய் வருவதற்கு முன்பே அதற்குச் சொந்தமாகிவிட வேண்டும். பிறகுதான் நாய்: முதலில் வாசனை மட்டும், ஒன்றின் படுக்கைத் துணி மற்றதன் அறையில், அப்புறம் கதவிடுக்கு, அப்புறம் கயிற்றோடு ஒரே அறை. பாய்ந்து துரத்தும் குணமுள்ள வேட்டையினத்தைவிட நிதானமான நாய் நல்லது, அதுவும் இரவில் வீட்டுக்குள் தூங்க வேண்டும், சிறுத்தையை நினைத்து. பூனை குட்டி போட்டிருக்கும் சமயமென்றால் எல்லாவற்றையும் இரண்டு மாதம் தள்ளிப்போட்டாக வேண்டும். அதற்குள் ஆசைப்பட்ட லாப்ரடார் குட்டி வேறு வீட்டுக்குப் போய்விட்டால், கருத்தடையும் ஊசியும் முடிந்து, தெருவில் பூனைகளோடு ஏற்கெனவே பழகிய நாட்டு நாய்கள் நீலகிரியின் காப்பகங்களில் ஆள் தேடிக்கொண்டிருக்கின்றன.